கூடைக்குக் கீழே ஒன்பது வினாடி

ஃபயென்சா, இத்தாலி
12 அக்டோபர் 1997

மார்லிஸ்,

பயப்படாதே, யாரும் சாகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். பதினெட்டு வருடமாக நமக்குள் போய்வருவது வாழ்த்து அட்டை மட்டும்தான். அதிலும் நீ அனுப்புவது ஊருக்கெல்லாம் படியெடுத்து அனுப்பும் அந்த வருடாந்திர அறிக்கை. கணவன் டேல் புது டிராக்டர் வாங்கினான், மகள் கேரிக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்று, பன்றிகள் நலம். கீழே 'மார்லிஸ்' என்று ஒரு கையெழுத்து. நான் மட்டும் என்ன ஒழுங்கு? 'ரோண்டா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பந்தை வரைந்து அனுப்பிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹார்மன் கல்லூரி, 'ஹோக்ஸ்ட்ரா' என்று பெயர் போட்ட என் சட்டையை மேலே ஏற்றப் போகிறதாம். இருபத்துநான்காம் எண்ணை இனி அங்கே யாரும் போட முடியாது, அரங்கத்தின் உத்தரத்தில் தொங்கும். பிப்ரவரி பதினான்கு, சனிக்கிழமை, பெண்கள் கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில்.

சரிபார்க்கச் சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். கல்லூரியில் நான்கு வருடம், 2,714 புள்ளிகள். இரண்டு முறை அகில அமெரிக்க அணி. 1979-இல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. பிறகு அமெரிக்காவிலேயே ஒரு வருடம் தொழில்முறை ஆட்டம். அந்த அமைப்பே மூடிக்கொண்டது, அதற்கு நான் பொறுப்பல்ல. இத்தாலியில் பதினைந்து வருடம், மூன்று கோப்பை. போன கோடையில், முப்பத்தொன்பது வயதில், அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் தொழில்முறை ஆட்டத்தில் இருபத்தெட்டு முறை இறங்கினேன். இறங்காத நேரமெல்லாம் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மொத்தத்தையும் படித்தால் செத்துப்போன யாரையோ பற்றி எழுதியது போல இருக்கிறது.

அவர்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஆடியவளை நன்றாகத் தெரிந்த ஒருவர் நடு மைதானத்தில் நின்று, இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லி, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். யார் என்று கேட்டார்கள். பயிற்சியாளர்தானே என்று அவர்களே பதிலும் சொன்னார்கள். நான் "மார்லிஸ் ஃபிங்க்" என்றேன்.

வருவாயா?

ரோண்டா


நார்ட்விக், அயோவா
26 அக்டோபர் 1997

ரோண்டா,

அறுவடை நேரத்தில் கடிதம் எழுத வைக்கிறாய். டேல் சோள வயலில் இருக்கிறான். நான் தானிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் கறை இருந்தால் அது எண்ணெய்தான், கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே.

வர மாட்டேன்.

இத்துடன் நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒருமுறையாவது என் வாயால் நீ கேட்க வேண்டும். மார்ச் 1979. டெக்சாஸ்காரிகள் ஒரு புள்ளி முன்னால். ஒன்பது வினாடி மிச்சம். பந்து உன் கையில், உன்மேல் இரண்டு பேர். நான் கூடைக்குக் கீழே தன்னந்தனியாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். என்னைச் சுற்றிப் பத்தடிக்கு ஆளில்லை. நீ என்னைப் பார்த்தாய், ரோண்டா. பார்த்துவிட்டு, இருபதடி தள்ளி நின்று, அந்த இரண்டு பேரையும் தோளில் சுமந்துகொண்டு நீயே எறிந்தாய். விழுந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது விழாமல் போயிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்காகப் பல ஞாயிற்றுக்கிழமைகள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், உன்னிடம் அல்ல.

அந்த ஆட்டத்தை இந்த ஊரில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் ரேடியோதான். வர்ணனை சொன்னவன் கத்தினானே, "ஃபிங்க் தனியா நிக்கிறா! கூடைக்குக் கீழ தனியா நிக்கிறா! ஐயோ, ஹோக்ஸ்ட்ரா குடுக்கல, தானே போடுறா!" என்று. அந்த வரி இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. தானியக் கிடங்கின் அலுவலகத்தில் காபி குடிக்கும் கிழவர்கள், மழை இல்லாத நாளில் பேச வேறு விஷயம் இல்லையென்றால் அதை எடுப்பார்கள். "கூடவே வளந்த புள்ளைக்கே குடுக்கல பாத்தியா?" என்று விர்ஜில் சொல்வான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த வசந்தத்தோடு கல்லூரியை விட்டேன். ஏன் என்று நீ ஒரு வரி எழுதிக் கேட்டதில்லை. இப்போது நான் வந்து உன்னை ஐந்து நிமிடம் புகழ வேண்டுமா? பயிற்சியாளரையே கூப்பிடு. அவருக்கு நல்ல குரல்.

மார்லிஸ்

கடைசியாக ஒன்று. நீ வரைவது பந்து மாதிரி இல்லை, தர்பூசணி மாதிரி இருக்கிறது. பதினெட்டு வருடமாகச் சொல்ல நினைத்தேன்.


ஃபயென்சா
9 நவம்பர் 1997

மார்லிஸ்,

தர்பூசணியா! சண்டை போடவாவது எழுதினாயே, அதற்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். நீ நம்பாமல் போனாலும் சொல்கிறேன்: நான் உன்னைப் பார்க்கவில்லை.

கடிதத்தைக் கசக்காதே, மேலே படி. பள்ளியில் நாம் ஆடியது வேறு ஆட்டம். அதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறதாமே. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்கள். ஒரு அணிக்கு ஆறு பெண்கள். மைதானத்துக்கு நடுவே ஒரு கோடு. நாங்கள் மூன்று பேர் அந்தப் பக்கம், எறிவதற்கு மட்டும். நீங்கள் மூன்று பேர் இந்தப் பக்கம், தடுப்பதற்கு மட்டும். கோட்டை ஒருத்தியும் தாண்டக் கூடாது. எதிராளியிடமிருந்து நீ பந்தைப் பிடுங்குவாய், கோடு வரை கொண்டுவருவாய், என் கையில் கொடுப்பாய். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கூடையைப் பார்த்து ஓடுவேன். நீ கால் விரலைக் கோட்டில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கையோடு நிற்பாய். நான்கு வருடம், மார்லிஸ். அந்த நான்கு வருடத்தில் என் கூடைப் பக்கம் உன் முகத்தை ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை.

கல்லூரிக்கு வந்ததும் ஐவர் ஆட்டம். எல்லாரும் எங்கும் ஓடலாம். பயிற்சியில் நீ எனக்கு முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் திடுக்கிடுவேன், நினைவிருக்கிறதா? "என்னடி இங்க வந்துட்ட?" என்று ஒருநாள் நான் கேட்க, பயிற்சியாளர் சிரித்தார். சாதாரண நேரத்தில் சமாளித்தேன். ஆனால் நெருக்கடியில் தலை பழைய இடத்துக்கு ஓடிவிடுகிறது. அந்த ஒன்பது வினாடியில் எனக்கு நீ கோட்டுக்குப் பின்னால் இருந்தாய். கூடைக்குக் கீழே என் கண் போனது உண்மை. அங்கே நீ நிற்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டம் முடிந்து பேருந்தில் ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இருபது வயசுக் கழுதைக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. பிறகு நாள் ஆக ஆக, கேட்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இங்கே வந்த முதல் வருடம் என் பயிற்சியாளர் பெர்டோஸ்ஸி அம்மாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கத்தினாள்: "நீ ஒருத்திதான் இருக்கியா இங்க? மத்த நாலு பேரும் என்ன, செவுத்துல மாட்டுன படமா?" எனக்கு உடனே உன் நினைவு வந்தது. அன்றிலிருந்து பழக்கிக்கொண்டேன். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னாலும் கண்ணை மூடி, யார் எங்கே நிற்கிறாள் என்று பெயர் சொல்லிப் பார்ப்பேன். 1990 முதல் மூன்று வருடம், மற்றவர்கள் கூடை போட அதிகப் பந்து கொடுத்தவள் இந்த நாட்டிலேயே நான்தான். கல்லூரிப் பட்டியலில் அது கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்த வரி அது ஒன்றுதான். அதனால்தான் உன்னைக் கேட்டேன்.

ரோண்டா


நார்ட்விக்
25 நவம்பர் 1997

ரோண்டா,

ஆக, நான் நான்கு வருடம் உனக்கு வேலிக்கம்பமாக இருந்திருக்கிறேன். நல்லது.

உன் கடிதத்தை டேலிடம் படித்துக் காட்டினேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "அவ சொல்றது சரிதான். நம்ம கெழட்டு மாட்டப் பாரு. வேலிய எடுத்து அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னமும் வேலி இருந்த எடத்துல வந்து நின்னுடுது." சிரித்துவிட்டேன். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

நேற்று உரம் விஷயமாகக் கல்லூரிப் பக்கம் போக வேண்டியிருந்தது. உனக்காகப் போனேன் என்று கொம்பு முளைத்துவிட வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள். நான் பெயரைச் சொன்னதும், "ஓ, பேசப் போறவங்க நீங்கதானா?" என்றாள். இல்லை என்று சொல்வதற்குள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டாள். விழாவில் காட்டுவதற்காக அந்த ஒன்பது வினாடியைப் பழைய படச்சுருளிலிருந்து ஒளிநாடாவில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உன் கையில் பந்து இருப்பதில் தொடங்கி, அது கூடைக்குள் விழுவதில் முடிகிறது.

நான் அதை இதுவரை பார்த்ததே இல்லை. நேற்று ஐந்து முறை பார்த்தேன்.

இப்போது எழுத முடியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

மார்லிஸ்


ஃபயென்சா
4 டிசம்பர் 1997

மார்லிஸ்,

ஐந்து முறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் எப்படி? என்ன பார்த்தாய்? நான் உன்னை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எறிந்தேன் என்று அதில் தெரிந்தால், அதையும் அப்படியே எழுது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தாலும் எழுது. இங்கே பத்து வயசுப் பெண்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நாலு நாளாக எல்லாரையும் தப்பான பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

ரோ


நார்ட்விக்
21 டிசம்பர் 1997

ரோண்டா,

இந்த வருடம் ஊருக்கு அனுப்பும் அறிக்கை எழுதவில்லை. அதற்குப் பதில் உனக்கு இது.

படத்தில் நீ என் பக்கம் பார்க்கிறாய். உண்மை. உன் முகத்தில் ஒன்றும் இல்லை, காலி இடத்தைப் பார்க்கிற முகம். நீ எழுதியது பொய்யில்லை. ஆனால் நான் எழுதியதுதான் பொய்.

என் கைகள் உயர்ந்திருக்கவில்லை. இத்தனை வருடமாக எனக்குள் ஓடும் படத்தில் இரண்டு கையும் மேலே, பத்து விரலும் விரிந்து இருக்கும். அந்தப் பெண் ஓட்டிக் காட்டிய படத்தில் என் கைகள் தொடையோடு ஒட்டித் தொங்குகின்றன. அது மட்டுமில்லை. உன் தலை என் பக்கம் திரும்புகிற நேரத்தில் நான் ஒரு அடி பின்னால் வைக்கிறேன். கூடையைத் தாங்கும் கம்பத்துக்குப் பின்னால், ரோண்டா. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். முதல் தடவை பார்த்தபோது அது நானில்லை என்று நினைத்தேன். ஐந்தாவது தடவை, அந்தப் பெண் என்னைப் பார்த்து "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டாள்.

எனக்குப் பயம். அதுதான் விஷயம். பள்ளியில் நான்கு வருடம் ஒரு ஆட்டத்தில்கூட நான் கூடையைப் பார்த்து எறிந்ததில்லை, எறியவும் கூடாது. கல்லூரியில் மூன்று வருடத்தில் பதினோரு முறை எறிந்தேன், இரண்டு விழுந்தது. எதிராளியின் மூச்சைப் பார்த்தே அவள் எந்தப் பக்கம் போவாள் என்று சொல்வேன். கூடையை நிமிர்ந்து பார்த்தால் கை மரத்துவிடும். பந்து என்னிடம் வரக் கூடாது என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் வேண்டிக்கொள்வேன். அன்றைக்கும் வேண்டிக்கொண்டேன். வரவில்லை. பிறகு ரேடியோக்காரன் சொன்னதை ஊரே சொன்னது, நானும் அதையே நம்பிக்கொண்டேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. 1984-இல், நீ இத்தாலியில் முதல் கோப்பை வாங்கிய வருடம், நெடுஞ்சாலை ஓரம் 'ரோண்டா ஹோக்ஸ்ட்ரா பிறந்த ஊர்' என்று பலகை வைக்க ஊர்ச் சபையில் பேச்சு வந்தது. உன் அப்பா கெரிட்தான் கேட்டார். கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றார். தலைவர் என்னைப் பார்த்தார். "மார்லிஸ், நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். "நான் ஒண்ணும் சொல்ல விரும்பல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. ஒரு கைகூட உயரவில்லை. கெரிட் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு தானியக் கிடங்கில் காபி குடிக்க அவர் வந்ததில்லை.

91-இல் அவர் சவ அடக்கத்துக்கு நீ வந்தபோது, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நான் ரொட்டிக்குள் பன்றி இறைச்சி வைத்துக்கொண்டிருந்தேன். நீ சமையலறை வாசல் வரைக்கும் வந்தாய். நான் தொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். மறைத்ததும் இல்லாமல், பதினெட்டு வருடம் அந்தச் சோற்றையே தின்றிருக்கிறேன்.

மார்லிஸ்


ஃபயென்சா
6 ஜனவரி 1998

மார்லிஸ்,

நீ பயந்ததற்கு எனக்குக் கோபமில்லை. எனக்கும் பயமிருந்தது, நான் எறிந்து அதை மறைத்தேன், நீ ஒதுங்கி மறைத்தாய்.

ஆனால் அப்பா. பலகை விஷயம் எனக்குத் தெரியாது. அவர் சொல்லவே இல்லை. 86-இல் நான் ஊருக்கு வந்தபோது பால் கறந்துகொண்டே கேட்டார்: "ஏம்மா, அந்தப் புள்ள கையில குடுத்திருக்கலாமே?" அவ்வளவுதான். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? நானே குற்றவாளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் சுயநலக்காரி என்ற நினைப்போடு அந்த மனிதர் செத்தார். காபிகூட வீட்டில் தனியாகக் குடித்தார். ஏழு வருடத்தில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெருவில் அவரைப் பார்த்திருப்பாய் அல்லவா? கையை ஆட்டியிருப்பாய் அல்லவா?

நீ பேச வர வேண்டாம். பயிற்சியாளரே பேசட்டும். கல்லூரிக்கு எழுதிவிடுகிறேன்.

ரோண்டா


நார்ட்விக்
18 ஜனவரி 1998

ரோண்டா,

ஆமாம். பார்த்தேன். கையை ஆட்டினேன். அவரும் ஆட்டுவார்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. நடந்ததைத் தெரிவிக்க வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். நேற்றுக் காலை தானியக் கிடங்கு அலுவலகத்துக்குப் போனேன். விர்ஜில், ஓர்லோ, இன்னும் நாலைந்து பேர் காபியைச் சுற்றி இருந்தார்கள். பெண்கள் அங்கே போய் உட்காருவதில்லை, அதனால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நின்றுகொண்டே சொன்னேன். கை தொங்கியது, பின்னால் நகர்ந்தது, சபையில் வாயை மூடிக்கொண்டது, எல்லாம்.

பிறகு விர்ஜில், "ரேடியோவுலயே சொன்னான்ல, தனியா நிக்கிறான்னு?" என்றான்.

"தனியாத்தான் நின்னேன். ரேடியோக்காரன் என் கையப் பாத்து சொல்லல."

"அப்ப இத்தன வருஷமா நாங்க பேசுனது?"

"தப்பு."

"கெரிட்டுக்கு இது தெரியுமா?" என்று ஓர்லோ கேட்டார். தெரியாது என்றேன். அவர் எழுந்து, குடிக்காத காபியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விர்ஜில், டேலின் சோளத்தில் ஈரம் எவ்வளவு என்று விசாரித்தான். இங்கே அது திட்டுவதைவிட மோசம் என்று உனக்குத் தெரியும்.

இன்று தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் இடம் நிறைய இருந்தது. கேரியிடம் பள்ளித் தோழி ஒருத்தி, "உங்கம்மா பயந்தாங்கொள்ளியாமே?" என்று கேட்டிருக்கிறாள். கேரிக்குப் பதினான்கு வயசு. என்னிடம் வந்து, "ஆமாவாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

நீ பேச விடாதது சரி. ஆனாலும் விழாவுக்கு வருவேன். நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டேன், மேல் வரிசையில்.

மார்லிஸ்


ஃபயென்சா
29 ஜனவரி 1998

மார்லிஸ்,

நேற்று மதியம் இங்கே தொலைபேசி அடித்தது. ஓர்லோ! ஆயுளில் பக்கத்து மாவட்டத்துக்குக்கூடத் தொலைபேசியில் பேசியிராத மனிதர். "ரோண்டாவா? ஓர்லோ பேசுறேன். அங்க பனி உண்டா?" என்றார். இல்லை என்றேன். "இங்க நெறய" என்றார். பத்து நிமிடம் பனி, காற்று, பன்றி விலை. கடைசியில், "ஒங்கப்பா நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பத்து வயசுப் பெண்கள் இரண்டு பேர் கதவருகே நின்று பார்த்தார்கள், போகச் சொல்லவும் முடியவில்லை.

என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். ஆனால் கல்லூரிக்கு எழுதிய கடிதத்தை உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். தபாலில் சேர்க்க மனம் வரவில்லை.

கீழே வா. ஐந்து நிமிடம். என்னைக் காப்பாற்றவும் வேண்டாம், உன்னை அடித்துக்கொள்ளவும் வேண்டாம். பட்டியலைப் படி, பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

ரோண்டா


ஃபயென்சா
20 பிப்ரவரி 1998

மார்லிஸ்,

விழா முடிந்து நீ பன்றிகளைக் கவனிக்க வேண்டும் என்று ஓடிவிட்டாய். பேச வேண்டியதை எல்லாம் பேசாமல் நான் விமானம் ஏறிவிட்டேன்.

நீ நன்றாகப் பேசினாய் என்று எல்லாரும் சொன்னார்கள். நன்றாகப் பேசவில்லை, மார்லிஸ். முதல் ஒரு நிமிடம் ஒலிவாங்கியையே முறைத்துக்கொண்டிருந்தாய், மூவாயிரம் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேலே நோக்கிப் படித்தாயே, அது உனக்கு மட்டும்தான் தோன்றும். 2,714 புள்ளிகளை இறுதியில், போகிற போக்கில் சொன்னாய். யாரோ சிரித்தார்கள். "இவளப் பத்தி எங்க ஊரு தப்பாப் பேசுச்சு. அதுக்குக் காரணம் நான்" என்று நீ சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அது பட்டியலில் இல்லாதது. நான் வேண்டாம் என்று சொன்னதும் அதுதான். சொன்னதற்கு நன்றி.

பிறகு விளக்கை அணைத்துச் சுவரில் அந்தப் படத்தை ஓட்டினார்கள். என் கையில் பந்து, ஒன்பது வினாடி, கூடை, கைதட்டல். நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ உன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை காலையில் அந்த அலுவலகப் பெண்ணிடம் போய், முழுச் சுருளையும் போடச் சொன்னேன். "மொத்த ஆட்டமுமா?" என்றாள். ஆமாம் என்றேன். கூடவே உட்கார்ந்திருந்தாள், பாவம், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு.

உனக்கு இது நினைவிருக்காது. எனக்கும் இருக்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேட்டி, எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எல்லாருமே என் கையில் பந்து இருப்பதில்தான் தொடங்கினார்கள். நானும் அங்கேயே தொடங்கினேன். நீயும் அங்கேயே. அதற்கு ஆறு வினாடிக்கு முன்னால் பந்து என்னிடம் இல்லை, மார்லிஸ். டெக்சாஸின் பதினோராம் எண்காரியிடம் இருந்தது. அவர்கள் ஒரு புள்ளி முன்னால், நேரத்தை ஓட்டினால் போதும், ஆட்டம் முடிந்துவிட்டது. அவர்கள் பெஞ்சில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், படத்தில் தெரிகிறது. அந்தப் பெண் இடப்பக்கம் திரும்பப் போகிறாள். திரும்புவதற்கு முன்பே நீ அங்கே இருக்கிறாய். அவள் கையிலிருந்து பந்தை எடுத்தது அவளுக்கே இரண்டு எட்டு வைத்த பிறகுதான் தெரிகிறது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பக்கவாட்டில் எறிகிறாய். நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். கையில் வந்து விழுகிறது. நீ நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தின் முழு நீளத்துக்கும் ஓடுகிறாய், எல்லாருக்கும் முன்னால். கூடைக்குக் கீழே நீ தனியாக நின்றதற்குக் காரணமே அதுதான். மற்ற ஒன்பது பேரில் ஒருத்தியாலும் உன்னைப் பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பயந்தாய். சரி. அது அதற்குப் பிறகு.

அந்தக் காலத்தில் பிடுங்கிய பந்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கல்லூரியில் கேட்டேன், அப்படி ஒரு பத்தியே அந்த ஏட்டில் கிடையாதாம். அலுவலகப் பெண் இரண்டு முறை திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ ஆட்டத்த ஜெயிச்சு குடுத்தது அவங்கதானா?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும்தான் என்றேன். முப்பத்தொன்பது வயசில் இதைச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

அப்பா அதே கேள்வியை இன்றைக்குக் கேட்டால், பால் வாளியைக் கீழே வைக்கச் சொல்லி, இந்த ஆறு வினாடியை முதலிலிருந்து சொல்லியிருப்பேன். அவர் இல்லை. நீ இருக்கிறாய். உன்னிடம் சொல்கிறேன்.

ரோண்டா